சனிக்கிழமை மின்சாரம்

ஜனவரி 1, திங்கள்

செவ்வாய்ப்பேட்டை பெயிண்ட் கடை முதலாளி என்னைத் தெருவில் நிறுத்தி, “அங்கமுத்துண்ணே, இது உங்களுக்குன்னே எடுத்து வச்சது” என்று இந்த டைரியைக் கொடுத்தார். எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள். ஆனால் எனக்குக் கொடுக்கும்போது மட்டும் சிரித்தார்.

பின்னாளில் என் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். எட்டாவது வரை படித்தேன். ஒன்பதாவதில் வாத்தியார்களிடம் சொல்லிக்கொடுக்கச் சரக்கு தீர்ந்துவிட்டதால் நின்றுகொண்டேன். நாற்பது வருஷம் சேலத்தில் வயர்மேன். டவுனில் பாதி வீடு என் கையால்தான் வெளிச்சம் பார்த்தது. இப்போது ஏற்காடு அடிவாரத்து எஞ்சினியரிங் கல்லூரியில் நானோ ஆய்வுக்கூடத்தை நடத்தி வருகிறேன். ஆர்டரில் ‘ஆய்வக உதவியாளர், தற்காலிகம்’ என்று போட்டிருக்கிறார்கள். டைப் அடித்தவர் அவசரத்தில் இருந்திருப்பார்.

தங்கை பாப்பாத்தியின் வீட்டு மாடியில் இருக்கிறேன். அவள் மகள் வாணி அதே ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்கிறாள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பாப்பாத்தி தனக்கு ஐம்பத்தாறு என்கிறாள். அவளுக்குக் கணக்கு எப்போதும் வராது. என் முடி முழுக்கக் கருப்பு. வம்சவாகு.

ஜனவரி 4, வியாழன்

காலை ஏழு மணிக்குத் திறந்தேன். வெப்பம் 23, ஈரப்பதம் 46. பதிவேட்டில் எழுதினேன். மறுபடி பத்துக்கு, ஒன்றுக்கு, நான்குக்கு. ஒரு நாளைக்கு நான்கு தடவை. வாணியின் ஆராய்ச்சி முழுக்க இந்த ரெண்டு எண்ணின் மேல்தான் நிற்கிறது என்று கேன்டீனில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

சிங்க் இருக்கும் சின்ன அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். கல்லூரி எலக்ட்ரீஷியன் மூன்று மாதமாக ‘நாளைக்கு’ என்று சொன்ன வேலை. எனக்கு ஒரு மணி நேரம். (இரண்டரை.) வெளிச்சுவர் ஓட்டையில் புறா முட்டை வைத்திருந்தது. பறவையைக் கலைத்து விட்டு நான் ஒன்றும் சாதிக்க வேண்டியதில்லை. அதனால் உள்சுவரில் மாட்டி, காற்றை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அந்தப் பக்கம் வாணி அளவெடுக்கும் அறை. பெரிய அறை. காற்று எங்கேயாவது போனால் சரிதானே.

“இது எதுக்கு மாமா இங்க?”

“காத்தோட்டம் கண்ணு.”

“யாரும் போட்டுடாதீங்க.”

“யார் போடப்போறாங்க.”

ஜனவரி 6, சனி

காலை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். சிங்க் அறையில் சொந்த வேலை, முக்கால் மணி நேரம். வீட்டில் ஒரே குளியலறை, கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஃபேன் நன்றாக ஓடுகிறது.

ஜனவரி 9, செவ்வாய்

வாணி இன்றைக்கு என்னிடம் ஆலோசனை கேட்டாள். (டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது நானே உட்கார்ந்துகொண்டேன்.)

அவள் மேஜையில் ஒரு பெட்டி. அதற்குள் விரல் நகம் அளவு சில்லு. அதன்மேல் மூன்று கம்பி, ஒன்று தடி, ஒன்று நடுத்தரம், ஒன்று மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாது. துத்தநாக ஆக்சைடில் செய்தது, முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கிற அதே சாமான். ஒரு தலைமுடி அகலத்தில் மெல்லிசுக் கம்பி இரண்டாயிரத்து ஐநூறைப் பக்கம் பக்கமாக அடுக்கலாமாம். நான் நான்காயிரம் அடுக்கியிருப்பேன். வெளிச்சம் படாமல் பெட்டியை மூடி, காற்று போய்வர மட்டும் ஓட்டை விட்டு, சாதாரண அறைக் காற்றில் மூன்று மாதம் இரவு பகலாக மின்சாரம் எவ்வளவு போகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது.

“கம்பி மெலிஞ்சா கரண்டு குறையும். இது எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும்” என்றேன்.

“குறையும் மாமா, கணக்குப்படி நாப்பதுல ஒரு பங்காக் குறையணும். இங்க ஆயிரத்துல ஒரு பங்குதான் வருது. ஏன்?”

“லூஸ் கனெக்‌ஷன்.”

சிரித்தாள். பிறகு சொன்னதை என் பாணியில் எழுதுகிறேன். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் கம்பியின் மேல்தோலில் வந்து ஒட்டிக்கொண்டு, ஓரமாகப் போகிற எலக்ட்ரான்களைக் கையைப் பிடித்து நிறுத்திவிடும். தடித்த கம்பியில் அதனால் ஒன்றும் ஆகாது, நடுவழி திறந்தே இருக்கும். மெல்லிசுக் கம்பியில் நடு என்பதே கிடையாது. எல்லாமே ஓரம். எல்லாமே தோல். அதனால் அந்தத் தோலில் எது வந்து ஒட்டுகிறதோ அது வைத்ததுதான் சட்டம்.

“பாவம்” என்றேன்.

“அதான் மாமா என் தீசிஸே.”

நான் தடித்த கம்பி ரகம். யார் என்ன சொன்னாலும் எனக்கு உள்ளே ஒன்றும் ஆகாது.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. ஹெப்சிபா மேடத்துக்கு அடுத்த பாட்டில் எண்ணெய் கொடுத்தேன். மேடம் வாணியின் பேராசிரியர், துறைத்தலைவர். என் தலையைப் பார்த்துப் போன வருஷம் அவரே கேட்டார், “அங்கமுத்து, இந்த வயசுல எப்படி ஒரு நரை கூட இல்ல?” கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, இன்னும் மூன்று மூலிகை, அது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்தது என்றேன். (மூன்றும் இல்லை.) ஆறு மாதமாகத் தேய்க்கிறார். “கொஞ்சம் கருப்பாகுற மாதிரிதான் இருக்கு” என்று அவரே சொன்னார்.

ஜனவரி 20, சனி

சொந்த வேலை. பிறகு பூட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

வாணி முகம் சரியில்லை. மெல்லிசுக் கம்பியின் கோடு இரண்டு இடத்தில் மலை மாதிரி ஏறி இறங்கியிருக்கிறது. ஆறாம் தேதி காலை ஆறு மணி, இருபதாம் தேதி காலை ஆறு மணி. மின்சாரம் முப்பது மடங்கு.

“மீட்டர் கோளாறு” என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்லா முனையையும் பார்த்தேன். என் பரம்பரையில் யாரும் இப்படி ஒரு சோதனை செய்திருக்க மாட்டார்கள். ஒரு குறையும் இல்லை.

“மீட்டர் இல்ல மாமா. அதே மீட்டர்லதான் தடிக் கம்பியும் இருக்கு. அந்தக் கோடு அசையவே இல்ல பாருங்க. நடுத்தரம் கொஞ்சம் அசையுது. மெல்லிசு மட்டும் குதிக்குது. அப்படின்னா தோல்ல ஏதோ வந்து ஒட்டுது.”

“என்ன ஒட்டும்?”

“தெரியல. சனிக்கிழமை காலைல மட்டும் என்ன வரும் இங்க?”

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மதியம் தயிர் சாதம்.

பிப்ரவரி 3, சனி

சொந்த வேலை.

பிப்ரவரி 5, திங்கள்

மூன்றாவது மலை. சனிக்கிழமை காலை ஆறு மணி. வாணி சாப்பிடவில்லை. பாப்பாத்தி என்னைப் பார்த்து, “நீங்க லேப்ல என்னதான் பண்றீங்க, பிள்ளைக்கு ஒரு ஒத்தாசை பண்ணக்கூடாதா?” என்றாள். நான் இல்லாவிட்டால் அந்தக் கட்டடமே நின்றிருக்காது என்று விளக்கினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

வாணியின் தீசிஸைப் பரிசீலிக்கிற ஆய்வுக் குழு சென்னையிலிருந்து வந்தது. மூன்று பேர். நான்தான் டீ. ஒருவர் மலைகளைக் காட்டி, “அறையில ஈரப்பதம் ஏறியிருக்கும். கட்டுப்பாடு இல்லாத அளவு. இதுக்குக் காரணம் சொல்ல முடியலைன்னா மெல்லிசுக் கம்பி அத்தியாயத்தை எடுத்துடுங்க” என்றார்.

அந்த அத்தியாயம்தான் தீசிஸ். அதை எடுத்தால் மிச்சம் இருப்பது அட்டை. மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால் ஜப்பானில் மேல் ஆராய்ச்சிக்கு வாணிக்குக் கிடைத்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

வாணி என் பதிவேட்டை எடுத்து நீட்டினாள். அந்த மூன்று நாளும் ஏழு மணிக்கு ஈரப்பதம் 46, 45, 47. ஏறவே இல்லை. குழுவில் பெரியவர் பக்கங்களைப் புரட்டினார். “ரொம்ப அழகா இருக்கே. யார் எழுதினது?” என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“அங்கமுத்து, கோவிச்சுக்காம சொல்லணும். இந்த எண்ணெல்லாம் கருவியப் பார்த்து எழுதினதா?”

“வேற எதைப் பார்த்துங்க எழுதுவேன்?”

“மேட்டூர் டேம்ல நீங்க தனியா நின்னு ஒரு டர்பைனையே நிறுத்தினதா சொன்னீங்க. போன மாசம் அதே கதைல ரெண்டு டர்பைன். ஜப்பான்காரங்க உங்களையும் கூப்பிட்டதா கேன்டீன்ல சொல்லியிருக்கீங்க. நான் தப்பா நினைக்கல, எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேக்கறோம். ஆனா குழு என்னைக் கேக்குது, இவர் எழுதினதை எப்படி நம்பறதுன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

வயர்மேன் வேலையில் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துச் சொன்னவன் உயிரோடு வீடு திரும்பமாட்டான். கதை வேறு, மீட்டர் வேறு. மீட்டர் சொன்னதில் ஒரு புள்ளியை நான் இதுவரை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். “சரிங்க மேடம்” என்று வந்துவிட்டேன்.

வெப்பம் 26. ஈரப்பதம் 43.

பிப்ரவரி 14, புதன்

ஒன்றும் விசேஷமில்லை. இட்லி இறங்கவில்லை, புளித்திருந்தது. பாப்பாத்தி புளிக்கவில்லை என்கிறாள்.

பிப்ரவரி 17, சனி

ஐந்தே முக்காலுக்குப் போனேன். வாசலில் வாணியின் ஸ்கூட்டி நின்றது. பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனேன். பெட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“சனிக்கிழமை என்னதான் வருதுன்னு பார்த்துடறேன் மாமா. நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம்?”

“பூட்டுக்கு எண்ணெய் போடணும்.”

எட்டு மணி வரை இருந்தாள். கோடு அசையவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தது.

“நான் இருந்தா வரமாட்டேங்குது. என்னையே கேலி பண்ற மாதிரி இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள். சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும் தூசி விழுந்தது என்பாள்.

நான் பூட்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டேன். போன மாதம் போட்ட எண்ணெயே வழிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

கண்ணாடியில் காதோரம் வெள்ளை தெரிகிறது. தொப்பி வாங்கலாமா என்று யோசித்தேன். வேறு ஒன்றையும் யோசித்தேன். அது என்ன என்று எழுதவில்லை. வாணி மேடத்திடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள், “எடுத்துடலாம் மேடம். மெல்லிசுக் கம்பி அத்தியாயத்தை எடுத்துட்டே எழுதறேன்.”

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆச்சரியமாகத்தான் இருக்கிறது, எனக்கே.

காலை ஆறு மணி. சிங்க் அறை. பையில் இருந்தது தலைக்கு அடிக்கும் சாயம். பதினொரு வருஷமாக அடிக்கிறேன். வயது அறுபத்தொன்று. கிண்ணத்தில் குழைத்தேன். மூக்கில் அடித்தது. அமோனியா என்று டப்பாவிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, இத்தனை வருஷம் படித்ததில்லை. தலையில் பூசினேன். ஃபேனைப் போட்டேன். வழக்கமாக அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். இன்று துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாணியின் அறைக்குப் போய் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றேன்.

ஆறு இருபதுக்குக் கோடு தலையைத் தூக்கியது. ஆறு முப்பத்தைந்துக்கு மலை. தடிக் கம்பியின் கோடு அப்படியே கிடந்தது. மேலே சுவரில் நான் மாட்டிய ஃபேன் என் வாசனையை என் மருமகளின் பெட்டிமேல் ஊதிக்கொண்டிருந்தது.

கழுவிவிட்டு, எட்டு மணிக்கு எல்லோரிடமும் வாயால் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் வாயால் சொன்னால் அது கதை. இரண்டு டர்பைன் மாதிரி மூன்றாவது டர்பைன்.

போன் செய்தேன். “கண்ணு, மேடத்தையும் கூட்டிக்கிட்டு உடனே லேபுக்கு வா. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே.”

வருவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. சாயத்தை அரை மணிக்கு மேல் வைக்கக் கூடாது. மண்டை எரிந்தது, நெற்றியில் ஒழுகியது. கழுவவில்லை. இன்னொரு பொட்டலமும் குழைத்து சிங்க் அறையில் ஃபேனுக்குக் கீழே வைத்தேன்.

கதவைத் திறந்த வாணி என்னைப் பார்த்து, “ஐயோ மாமா, என்னாச்சு தலையில?” என்று கத்தினாள். பின்னால் மேடம்.

“மேடம், இதுதான் சனிக்கிழமை” என்றேன்.

இருவருக்கும் புரியவில்லை. வாணிக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அமோனியா! மாமா, அமோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும். ஆக்சிஜன் பிடிச்சு வச்சதை இது திருப்பிக் கொடுத்துடும். அதான் மெல்லிசு மட்டும்…” பாதியில் நிறுத்தி, “மாமா, நீங்க டை அடிக்கிறீங்களா?” என்றாள்.

“ஜனவரி ஆறு, இருபது, பிப்ரவரி மூணு எல்லாம் டைரில இருக்கு. ‘சொந்த வேலை’ன்னு போட்டிருப்பேன். கோட்டோட ஒத்துப் பாரு. பதினேழாம் தேதி நீ இருந்தே, அடிக்கலை. மலை வரல.”

மேடம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். நான் வாசலுக்கு வெளியே, அவர்கள் உள்ளே என்று நாற்பது நிமிஷம் நின்றோம். கோடு மெதுவாக இறங்கியது. போடச் சொன்னார். ஏறியது. கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் அவரே எழுதினார். பிறகுதான், “போய்த் தலையைக் கழுவுங்க அங்கமுத்து, தோல் போயிடும்” என்றார்.

கழுவிவிட்டு வந்தேன். நெற்றியில் கருப்புப் பட்டை போகவில்லை. மேடம் என் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

“அப்ப அந்த ஈரப்பதம்…”

“கருவி சொன்னதுதாங்க மேடம்.”

தலையை ஆட்டினார். பிறகு தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப இந்த எண்ணெய்?”

“தேங்காயெண்ணெய் உடம்புக்கு நல்லதுங்க மேடம்.”

வாணி வெளியே ஓடிவிட்டாள். வராந்தாவில் அவள் சிரிப்பது கேட்டது. ஜலதோஷம் போய்விட்டது. மேடம் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, பதிவேட்டில் ஜனவரி முதல் நேற்று வரை ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது பக்கம். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. சாயம் உள்ளே போயிருக்கும்.

பிப்ரவரி 21, புதன்

ஃபேனைக் கழற்றினேன். வெளிச்சுவரில் புறா குஞ்சு பொரித்துப் போய்விட்டது. அங்கே மாட்டினேன். மூன்று மணி நேரம்.

மார்ச் 2, சனி

ஏழு மணிக்குத்தான் போனேன். வெப்பம் 27, ஈரப்பதம் 40. கோடு படுத்திருந்தது.

மார்ச் 11, திங்கள்

வாணி அளந்த அமோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள். கம்பி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு குதிக்கிறது. குழு ஒத்துக்கொண்டது. அத்தியாயம் இருக்கிறது, கூடவே இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. சென்னைப் பெரியவர் போனில், “அந்தப் பதிவேடு இல்லைன்னா ஈரப்பதம்னே முடிச்சிருப்போம்” என்றாராம். கேன்டீனில் இதைச் சொன்னேன். கூட்டாமல் சொன்னதால் யாரும் நம்பவில்லை.

பாப்பாத்தி என் காதோரத்தைப் பார்த்து, “இப்பதான் எங்க அண்ணன் மாதிரி இருக்கீங்க” என்றாள்.

மார்ச் 28, வியாழன்

வாணி தீசிஸ் கொடுத்துவிட்டாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரை எப்படிப் போடட்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தாள். ஆய்வுக்கூட இயக்குநர், மூத்த ஆலோசகர், இப்படி நான்கைந்து யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், “பதிவேடு எழுதினவர்னு போடு” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மேடம் வந்தார். தலையில் வகிடு எடுத்த இடத்தில் வெள்ளை. “அடுத்த பாட்டில் எப்ப?” என்று கேட்டார். விளையாட்டுக்கா, நிஜமாகவா என்று தெரியவில்லை. நாளைக்கே காய்ச்சிவிடுகிறேன்.

ஏப்ரல் 6, சனி

வாணியை சென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து விமானம். ஜப்பான்காரர்கள் என்னையும்தான் கூப்பிட்டார்கள், ஆனால் இங்கே ஆய்வுக்கூடத்தை யார் பார்ப்பது என்று வாணியின் சக பயணி ஒருவரிடம் விளக்கினேன். ஜன்னலுக்குள்ளிருந்து வாணி, “மாமா!” என்று அதட்டினாள். சிரித்துக்கொண்டுதான்.

ஸ்டேஷனிலிருந்து நேராக லேபுக்கு. பத்து மணிப் பதிவு.

வெப்பம் 29. ஈரப்பதம் 38. முடி, பாதிக்கு மேல் வெள்ளை.

முதல் இரண்டும் கருவியைப் பார்த்து எழுதியது. மூன்றாவது சிங்க் அறைக் கண்ணாடியைப் பார்த்து.